வேலிமுள்ளை வெட்டுமுன்... ஒரு நிமிடம்!



விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே திரும்பத் திரும்பத் தெரிவது ஒரே மரம்தான். வேலிமுள் என்கிறோம், சீமைக்கருவேலம் என்கிறோம், வேலிக்காத்தான் என்றும் சொல்கிறோம். வேலி காக்க வந்தது, இன்று காடு, கரை, கண்மாய், ஊருணி எல்லாவற்றையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. "இதை ஒழிக்கணும்" என்று மேடையில் பேசாதவர் இல்லை. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நாம் ஒழிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் உடனே சுத்தியலைத் தூக்குவோமா? கோளாறு எங்கே, ஏன் வந்தது என்றுதானே முதலில் பார்ப்போம்! ஒரு செடி நம் மண்ணில் எப்படி ஜெயித்தது என்று கேட்காமல் அரிவாளைத் தூக்குவது மட்டும் எப்படி நியாயம்?

வந்த கதை

பெரியவர்களைக் கேட்டால், "ஹெலிகாப்டர்ல விதை தூவினாங்கப்பா" என்பார்கள். ஏட்டில் இருப்பது அதைவிடப் பழைய கதை. சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் கேட்டுக்கொண்டபடி, ஜமைக்கா தீவிலிருந்து வந்த விதை 1877 வாக்கில் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. விறகுக்கு ஆகும், வறண்ட மண்ணில் பச்சை தெரியும் என்பதுதான் அன்றைய கணக்கு. ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1913-ல் கொண்டுவந்து, 1940-ல் 'ராஜ மரம்' என்று பட்டமே கொடுத்தார்கள்! அப்புறம் மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று வேறு வேறு சீமைகளிலிருந்தும் விதை இறங்கியது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பல ஊர் விதை என்றால் பல தினுசு மரபணு. போதாததற்கு இந்த மரம் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது அபூர்வம். பக்கத்து மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. இதன் உறவு மரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் 2 தொகுப்பு, மொத்தம் 28. இதற்கு 4 தொகுப்பு, 56. கலந்து விளையாட எவ்வளவு சரக்கு பாருங்கள்!

நம்ம சிவகாசி பாஷையில் சொன்னால் இது ஒரு 'கிஃப்ட் பாக்ஸ்'. உள்ளே மத்தாப்பு, புஸ்வாணம், சங்கு சக்கரம், வெடி எல்லாம் இருக்கும். ஒன்று நமத்துப்போனாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மழை பொய்த்தால் ஒரு தினுசு கருகும், இன்னொரு தினுசு தப்பிக்கும். உவர் நிலம் ஒன்றுக்கு ஆகாது, மற்றொன்றுக்கு ஆகும். இந்த கிஃப்ட் பாக்ஸை ஊர் ஊராக விநியோகம் செய்வது யார்? நம்ம ஆடும் மாடும்தான். இனிப்பான நெற்றைத் தின்னும். கெட்டி ஓடு கொண்ட விதை வயிற்றுக்குள் பதமாகி, எருவோடு சேர்ந்து அடுத்த கண்மாயில் விழும். முளைக்காத விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

சரவெடி மாதிரி இன்னொன்று

அப்படியானால் வேறுபாடு இருந்தால்தான் ஒரு செடி ஜெயிக்குமா? இல்லை! சாக்கடைத் தண்ணீர் சேர்கிற கண்மாய்களில் மிதக்கிற ஆகாயத்தாமரையைப் பாருங்கள். இது தென் அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் போன செடி. பல நாட்டுச் செடிகளின் டி.என்.ஏ.வைச் சோதித்து 2010-ல் வெளியான ஆய்வில், அது புகுந்த நாடுகளில் பெரும்பாலான இடங்களில் ஒரே ஒரு செடியின் நகல்தான் பரவிக் கிடப்பது தெரிந்தது. விதையும் போடும், ஆனால் முக்கியமாகப் பக்கக் கன்று விட்டே பெருகும். இது கிஃப்ட் பாக்ஸ் இல்லை, பத்தாயிரம் வாலா சரவெடி. எல்லாம் ஒரே அச்சு.

ஒரே அச்சாக இருந்துகொண்டு விதவிதமான இடங்களில் ஒரு செடி எப்படிப் பிழைக்கிறது? இந்தக் கேள்விக்குத்தான் 'எபிஜெனிடிக்ஸ்' என்ற படிப்பு ஒரு பதில் சொல்கிறது.

வெடிமருந்தை எடுத்துக்கொள்வோம். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், சரக்கு மூன்றுதான். அதையே நைசாக அரைத்தால் ஒரு மாதிரி எரியும், பருமணியாக விட்டால் வேறு மாதிரி. தளர்வாக இருந்தால் புஸ்ஸென்று போகும், இறுக்கிக் கட்டினால் 'டமார்'! ஃபார்முலா மாறவில்லை, நடத்தை மாறிவிட்டது. செடிக்குள்ளும் இப்படித்தான். டி.என்.ஏ. எழுத்து மாறாது. அதன் மேல் மீத்தைல் என்ற சின்ன வேதிக்கூறு போய் ஒட்டிக்கொண்டு, சில ஜீன்களைப் பூட்டு போட்ட மாதிரி அடக்கி வைக்கும். பூட்டு விலகினால் ஜீன் மறுபடி வேலை செய்யும். சில பூட்டுகள் விதை வழியாக வாரிசுக்கும் போகும்.

'காதுல பூ சுத்தாதே' என்கிறீர்களா? நிஜமாகவே பூ விஷயம்தான். லினாரியா என்ற செடியில் விசித்திரமான வடிவத்தில் பூக்கும் ஒரு வகையை லின்னேயஸ் 1744-லேயே எழுதி வைத்தார். ஜீன் எழுத்து கெடவில்லை, மீத்தைல் பூட்டுதான் காரணம் என்று 1999-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். இன்னொன்று, ஜப்பான் நாட்வீட். அழகுக்காக 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பா போனது. பிரிட்டன் முழுக்கப் பரவியிருப்பது ஒரே பெண் செடியின் நகல். அமெரிக்காவில் கடற்கரை, உப்புச் சதுப்பு, சாலையோரம் என்று மூன்று விதமான இடங்களில் நாட்வீட் குடும்பச் செடிகளை எடுத்துப் பார்த்து 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. மரபணு தினுசு கொஞ்சம்தான். பூட்டுகளின் தினுசோ அதைவிட அதிகம், அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம்!

ஆக, எதிரிக்கு இரண்டு வழி. ஒன்று, விதைக்கு விதை வேறாக இருப்பது. மற்றொன்று, ஒரே ஆளாக இருந்துகொண்டு இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்வது. இரண்டுக்கும் ஒரே அரிவாள் போதுமா?

நாம் என்ன செய்கிறோம்?

சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவு போட்டது. ஊரெல்லாம் ஜே.சி.பி. ஓடியது. அதே வருஷம், நிபுணர்கள் ஆராயட்டும் என்று நீதிமன்றமே இடைக்காலத் தடையும் விதித்தது. 2022-ல் அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் தரையில் நடப்பது என்ன? முகாம் போடுகிறோம், பேனர் கட்டுகிறோம், இடுப்பு உயரத்தில் மரத்தை வெட்டுகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறோம். இப்படி வெட்டிய ஒரு ஊருணியை அடுத்த ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். ஒரு தூர் இருந்த இடத்தில் ஏழெட்டுக் கொப்பு. திறந்து கிடந்த மண்ணில் எருவோடு வந்த புதுக்கன்றுகள். மேலே இருந்த மரத்தைத்தான் எடுத்தோம், கிஃப்ட் பாக்ஸ் அப்படியே மண்ணுக்குள் இருக்கிறது!

தென் ஆப்பிரிக்காக்காரன் இந்தப் பாடத்தை முன்பே படித்தான். அங்கேயும் இதன் உறவு மரங்கள் ஒன்றோடொன்று கலந்து பரவின. மரம் விறகுக்கும் நெற்று தீவனத்துக்கும் வேண்டும், பரவவும் கூடாது. ஆகவே விதையை மட்டும் துளைத்துத் தின்கிற ஒரு வண்டை 1987-ல் விட்டார்கள். முழு வெற்றி கிடைக்கவில்லை. வண்டு வருவதற்குள் மாடு நெற்றைத் தின்றுவிடுகிறது. ஆனாலும் குறி சரி. அடிக்க வேண்டியது விதையை.

"இந்த மரத்தை நம்பித்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்று சொல்கிற நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. நியாயமான பேச்சு. மானாவாரி பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம்தான் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அவர்களை எதிரி ஆக்காதீர்கள். தூரோடு பெயர்க்கிற வேலையைக் கூலி கொடுத்து அவர்களிடமே ஒப்படைக்கலாம். விறகும் கரியும் அவர்களுக்கு, நிலம் ஊருக்கு!

என் யோசனை

முள்மரத்தைக் கன்றிலேயே களையச் சொல்லி வள்ளுவரே ஒரு குறளில் புத்தி சொல்லியிருக்கிறார். அதைத்தான் நானும் கேட்கிறேன். மாவட்டம் முழுக்க வேண்டாம். நம் மாணவர் சங்கம் ஒரே ஒரு ஊருணியைத் தத்து எடுக்கட்டும். முதல் வருஷம் தூரோடு எடுப்போம். நெற்று பழுக்குமுன் எடுப்போம். விழுந்த நெற்றைப் பொறுக்கி எரிப்போம். அடுத்த மூன்று வருஷம், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் போய்க் கன்றுகளைக் கையால் பிடுங்குவோம். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு வகுப்புப் பையன்கள் போதும். காலி இடத்தை அப்படியே விடாமல் உடை, நாட்டுக் கருவேல், வேம்பு, பனை வைப்போம். ஆகாயத்தாமரை கிடக்கிற கண்மாய் என்றால் வேலை வேறு. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது, சாக்கடை வருகிற வாயையும் அடைக்க வேண்டும்.

நாம் படிப்பு முடித்துப் போனபின் யார் பார்ப்பது? நம் ஜூனியர்கள்! மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரி ஒரு நோட்டு போட்டு, தேதி, பிடுங்கிய கன்றுகளின் எண்ணிக்கை எழுதி, அடுத்த செட்டிடம் கொடுத்துவிட்டுப் போவோம். அந்த எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்தால் ஜெயித்தோம். குறையவில்லை என்றால், எங்கிருந்து விதை வருகிறது என்று தேடுவோம்.

வெட்டுவது ஒரு நாள் வேலை, ஒழிப்பது பல மழைக்காலத்து வேலை. மண்ணுக்குள் காத்திருக்கிற விதைக்கு இருக்கிற பொறுமை நமக்கு வேண்டாமா, நண்பர்களே?