வெயிலும் ஒரு மழைதான்

மாமல்லபுரத்துக்குப் போய்விட்டுப் பகல் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து தாயம் ஆடினால் அது பணத்துக்குப் பிடித்த கேடு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். "இதை வீட்டிலேயே செய்யலாமே, இவ்வளவு தூரம் எதற்கு வந்தோம்?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கடற்கரைக்கு அது பொருந்தாது. இங்கே வெயில் அடிக்கும் நாளில், காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை, மழைநாளில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்ய வேண்டும். இதுவே என் கட்சி.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வெயில் அடித்தால் 'இல் ஃபே போ', அதாவது பொழுது அழகாக இருக்கிறது என்று சொல்லப் பழக்கினார்கள். மழை பெய்தால் பொழுது கெட்டுப்போயிற்று. பாதி வருஷம் குளிரிலும் ஈரத்திலும் கிடக்கிறவர்களுக்கு அது சரி. நம் ஊரில் யாராவது கத்திரி வெயிலைப் பார்த்து அழகு என்று சொன்னதுண்டா? வானம் கறுத்து நாலு தூறல் விழுந்தால்தான் 'கிளைமேட் சூப்பர்' என்கிறோம். அவர்களுக்கு மழை எதுவோ, நமக்கு உச்சி வெயில் அது. பேச்சில் இது நமக்குத் தெரிகிறது. சுற்றுலா போகும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: 'சியெஸ்த்', மதிய உறக்கம். லத்தீனில் ஆறாம் மணி, அதாவது நடுப்பகல் என்ற சொல்லிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. புதுச்சேரியில் பல கடைகள் மதியம் கதவைச் சாத்திவிட்டு மாலையில் திறப்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். அது சோம்பல் அல்ல, கணக்கு.

இப்போது நம் வீட்டுச் சுற்றுலாவைப் பாருங்கள். எட்டு மணிக்கு எழுந்து, குளித்து, இட்லியைக் கட்டிக்கொண்டு, பத்து மணிக்குச் செங்கல்பட்டை விட்டுக் கிளம்புவது. திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுவில் காபி. உச்சி வேளைக்குச் சரியாக ஐந்து ரதத்தில் இறங்குவது. காலடியில் சுடுமணல், சுற்றிலும் கொதிக்கும் கருங்கல். 78 வயதான என் அக்காவை போன மே மாதம் இப்படித்தான் அழைத்துப் போனார்கள். "இன்னும் கொஞ்சம்தான் பெரியம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று நாலு முறை சொன்னார்கள். ஐந்தாவது முறை சொல்வதற்குள் அக்கா பாறையோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலைவரை அவளுக்குக் குளுக்கோஸ் ஏறியது.

வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்பில் நீர் வற்றியது தெரியாது. இரத்த அழுத்தத்துக்கு நம்மில் பலர் விழுங்கும் மாத்திரைகளில் சில, நீரை வெளியேற்றும் வகை. சிறு குழந்தைகளையும் சூடு சீக்கிரம் தாக்கும். டிக்கெட் வீணாகக்கூடாது என்று பார்க்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

"அப்படியானால் கோயிலையும் சிற்பத்தையும் எப்போது பார்ப்பது?" என்பார்கள். காலையில். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கிய பாறை. காலை வெயில் அதன்மேல் விழும்போதுதான் யானையும் நாகரும் எழுந்து வருவது போலத் தெரியும். விடியற்காலையில் கடல், பிறகு தபசு, ஒன்பது மணிக்கு மேல் குகைகள். குகை என்பது பல்லவன் நமக்காகக் குடைந்து வைத்த நிழல்தானே! மகிஷாசுரமர்த்தினி குகையில் ஒரு சுவரில் துர்க்கை போர் செய்கிறாள். எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். மதியத்துக்கு யாரைப் பின்பற்றுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் நல்ல சாட்சி தபசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிருஷ்ண மண்டபம். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். முன்னால் உள்ள தூண் மண்டபம் பிற்பாடு விஜயநகர காலத்தில் கட்டியது. இந்திரன் விட்ட மழைக்குக் கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்திருக்கிறான். கீழே ஒதுங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருவன் குழல் ஊதுகிறான். யாரும் "நாள் வீணாகிவிட்டதே" என்று முகத்தைத் தொங்கப் போடவில்லை. வெயில் கொளுத்தும் இந்தக் கடற்கரையில் சிற்பி செதுக்கி வைத்தது ஒரு மழைநாள்! அதன் எதிரில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள், எதைப் பார்க்க வந்தோமோ அதை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அறைக்குள் விட்டால் பிள்ளைகள் கைபேசியைத்தான் நோண்டுவார்கள் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து, அவர்களை வெயிலில் நிறுத்துவது அல்ல. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பையில் வையுங்கள். ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு சாக்பீஸும் காலையில் பொறுக்கிய கிளிஞ்சலும் போதும். காலையில் பார்த்த யானையைப் படம் வரையச் சொல்லுங்கள். சென்னைப் பக்கம் திரும்புகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் இறங்கலாம், செவ்வாய் விடுமுறை. அங்குள்ள பழைய வீடுகளின் திண்ணையும் முற்றமும், நம் முன்னோர் வெயிலோடு எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று காட்டும்.

1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் இது. முதியவர்கள் உட்கார நிழலில் இன்னும் நிறைய பெஞ்சுகளும், கைக்கெட்டும் இடத்தில் குடிநீரும் கேட்பது பேராசை அல்ல.

ஆனால் அதுவரை நாம் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பேரப்பிள்ளைகள் கிளம்பச் சொன்னால், என் வயது நண்பர்களே, இரண்டு நிபந்தனை போடுங்கள். விடியுமுன் வண்டி எடுக்க வேண்டும். 11 மணிக்கு மேல் யாரும் நம்மை நிழலை விட்டு எழுப்பக் கூடாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வீட்டிலேயே இருங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.