போதை போட்டால்தான் கிட்டார் பேசுமா?

ப்ளூஸ்-ராக் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஸ்டீவி ரே வான் பேச்சு வரும். பேச்சு கொஞ்ச தூரம் போனதும் யாராவது ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிவிடுவார்: "என்ன இருந்தாலும் குடியை விட்டப்புறம் அந்தப் பழைய வெறி இல்லைங்க." மற்ற மூணு பேரும் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். இந்தப் பதிவு முழுக்க அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான். பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் :-)

பெயரே கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1954-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லஸில் பிறந்தவர். அண்ணன் ஜிம்மி வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து, சின்ன வயசிலேயே கிட்டாரைப் பிடித்தவர். 1982-ல் ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரூ இசை விழாவில் இவர் வாசித்தபோது கூட்டத்தில் ஒரு பகுதி 'பூ' என்று கூச்சல் போட்டது. அதைக் கேட்ட டேவிட் போவி மட்டும் வேறு மாதிரி நினைத்தார். அடுத்த வருஷம் வந்த போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்தில் கிட்டார் நம்ம ஆள்தான். அதே 1983-ல் சொந்தமாக 'டெக்ஸாஸ் ஃப்ளட்'. குழுவின் பெயர் டபுள் ட்ரபிள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஆல்பம், ஓயாத பயணம், கூடவே விஸ்கியும் கோகெயினும். இரண்டையும் தனித்தனியாகக்கூட இல்லை, ஒன்றில் இன்னொன்றைக் கரைத்து.

1986 செப்டம்பரில், ஜெர்மனிப் பயணத்தின்போது உடம்பு கைவிட்டுவிட்டது. லண்டனில் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அட்லாண்டாவில் ஒரு மறுவாழ்வு மையம். வயது 31, முப்பத்திரண்டு முடியப் போகிறது. பேஸ் வாசிக்கிற டாமி ஷானனும் அதே சமயத்தில் இன்னொரு மையத்தில் சேர்ந்தார். அந்தத் தேதிக்குப் பிறகு ஸ்டீவி குடிக்கவில்லை. 1989 ஜூனில் 'இன் ஸ்டெப்' வந்தது. குடியை விட்டவர்கள் கூடிப் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளைத்தான் அந்தத் தலைப்பு தொட்டுக் காட்டுகிறது.

கடைசி ஆல்பம் எது என்பதில் ஒரு சின்ன வழக்கு உண்டு. அண்ணன் ஜிம்மியோடு சேர்ந்து செய்த 'ஃபேமிலி ஸ்டைல்' 1990 செப்டம்பரில், அவர் போன ஒரு மாதத்துக்குள் வந்தது. நல்ல ஆல்பம், ஆனால் பாதி அண்ணனுடையது. விட்டுப்போன பதிவுகளைத் திரட்டி 1991-ல் வந்த 'தி ஸ்கை இஸ் க்ரையிங்' தொகுப்பு வேறு வகை. தன் குழுவோடு, தன் பெயரில், தன் கையால் முடித்து வெளியே விட்ட கடைசி ஆல்பம் என்றால் 'இன் ஸ்டெப்' மட்டும்தான். அதை வைத்தே பேசுகிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் இருக்கிறேன். வாங்கின கடனை வருமானமாகக் காட்டி, பேலன்ஸ் ஷீட்டை பளபளவென்று கொண்டுவந்து வைக்கிற பார்ட்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் கம்பெனி ஓஹோவென்று ஓடுகிற மாதிரி இருக்கும். போதைதான் கலைஞனுக்கு எரிபொருள் என்பவர்கள் செய்வதும் இதே கணக்கு வேலைதான். அந்த மனுஷன் ஏழெட்டு வயசிலிருந்து ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஆல்பர்ட் கிங்கையும் ஹெண்ட்ரிக்ஸையும் விரல் தேயக் கற்றது அசல் முதல். விஸ்கி அதன்மேல் ஏறின வட்டிக் கடன். இவர்கள் கடனை முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, முதலை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கைச் சரிபார்க்கலாமா? போதையின் உச்சத்தில், விழுவதற்கு முன்பு அவர் செய்த ஆல்பம் எது? 1986-ல் வந்த 'லைவ் அலைவ்'. பெரும்பகுதி அந்த வருஷம் ஜூலையில் ஆஸ்டினிலும் டல்லஸிலும் மேடையில் பதிவானது. எரிபொருள் வாதம் சரியென்றால் அவருடைய ஆல்பங்களிலேயே அதுதான் தீப்பற்றி எரிய வேண்டும். நடந்தது என்ன? ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அப்போது தான் நல்ல நிலைமையில் இல்லை, திருத்தவேண்டியது அதிகமாகிவிட்டது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். வெறியைத் தேடுகிற ரசிக சிகாமணிகள் அந்த ஆல்பத்தைப் பற்றி மூச்சு விடுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

'இன் ஸ்டெப்' பக்கம் வருவோம். பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷம் சொச்சம். மெம்ஃபிஸிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பதிவு, தயாரிப்பு ஜிம் கெய்ன்ஸ். 'க்ராஸ்ஃபயர்' பாட்டில் பேஸ் மட்டும் முதலில் நடக்க ஆரம்பிக்கும். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேரும். கிட்டார் அவசரப்படாமல் காத்திருந்து, தன் முறை வந்ததும் பேசும். அந்தக் காத்திருப்பைப் பழைய ஸ்டீவியிடம் அதிகம் கேட்க முடியாது. கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பியவர், இதில் இடம் விட்டு வாசிக்கிறார். அமெரிக்க பில்போர்டின் ராக் பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கிக்கொடுத்த பாட்டு இதுதான். வெறி பிடித்து வாசித்த காலத்தில் அந்த இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

'டைட்ரோப்', 'வால் ஆஃப் டினயல்' இரண்டும் பழைய சிநேகிதர் டாயல் ப்ராம்ஹாலோடு சேர்ந்து எழுதியவை. ஒன்று கயிற்றின் மேல் நடப்பதைப் பற்றி, மற்றது 'எனக்கு ஒன்றுமில்லை' என்று நாம் எழுப்பிக்கொள்கிற சுவரைப் பற்றி. பிரசங்க வாடை அடிக்கிறது என்பார்கள். கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ட்ரம்ஸ் சத்தமும் அந்தக் கால மோஸ்தரில் தேவைக்கு மேல் பெரிசு. 'லவ் மீ டார்லின்' எனக்கு எப்போதும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆனால் பட்டி கையின் 'லீவ் மை கேர்ள் அலோன்' பாட்டை எடுத்து இவர் செய்திருப்பதைக் கேளுங்கள். குரலைத் தாழ்த்திக் கெஞ்சுகிற மாதிரி ஆரம்பித்து, நடுவில் ஒரே நரம்பைப் பிடித்து இழுக்கிறார் பாருங்கள், வெறி இல்லை என்று சொன்னவர் எந்தக் காதால் கேட்டார் என்று கேட்கத் தோன்றும்.

கடைசிப் பாட்டு 'ரிவியரா பாரடைஸ்'. வார்த்தையே கிடையாது, ஒன்பது நிமிஷத்துக்குப் பத்து விநாடி குறைவு. இதைப் பதிவு செய்த கதையைத் தயாரிப்பாளர் கெய்ன்ஸே சொல்லியிருக்கிறார். டேப்பில் இன்னும் ஒன்பது நிமிஷம்தான் மிச்சம் என்று எச்சரித்தாராம். பரவாயில்லை, பாட்டு நாலு நிமிஷம்தான் என்று ஸ்டீவி சொல்லிவிட்டார். விளக்கை அணைக்கச் சொல்லி, முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நாலு நிமிஷம் போனது, ஆறு போனது, எட்டாயிற்று. இந்தப் பக்கம் டேப் ரீல் மெலிந்துகொண்டே வருகிறது. கெய்ன்ஸ் கையைக் காலை ஆட்டி ட்ரம்ஸ் வாசிக்கிற கிரிஸ் லேட்டனின் கண்ணில் படுகிறார். லேட்டன் எப்படியோ ஸ்டீவியின் கவனத்தைப் பிடிக்கிறார். அவர் பதறாமல், பாட்டைப் பூப்போல இறக்கிவைத்து முடிக்கிறார். முடித்த சில விநாடியில் டேப் தீர்ந்து ரீல் வெறுமனே சுற்றியது. நாம் ஆல்பத்தில் கேட்பது அந்த ஒரே தடவை வாசித்ததைத்தான். இருட்டில், தெளிந்த தலையோடு, தன்னை மறந்து ஒன்பது நிமிஷம். இதற்கு எந்த பாட்டில் வேண்டியிருந்தது?

இந்த மாதிரி கதை நமக்கும் புதிதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். 'உள்ளே ஒரு கால் பாட்டில் போனால்தான் நாயனம் பேசும்' என்று திண்ணையில் உட்கார்ந்து சிலாகிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். சிலாகித்தவர்கள் சுகமாக எண்பது வயசு வரை இருந்தார்கள். வாசித்தவரின் வீட்டில் பாத்திரம் அடகுக்குப் போனது. பாட்டெழுதுகிறவர்கள் பற்றியும் இதே கதைகள் உண்டு. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

ஷில்லாங்கில் மூணு வருஷம் போஸ்டிங்கில் இருந்தபோதுதான் எனக்கு இந்த இசை பழக்கமானது. சாயங்காலம் டீக்கடையில் நின்றாலே எங்கிருந்தாவது கிட்டார் கேட்கிற ஊர் அது. 2007-ல் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்குப் போன 'சோல்மேட்' அந்த ஊர்க் குழுதான். இப்போது புனேயில், எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன், வயது பத்தொன்பது, கல்லூரிக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். நிஜமாகவே நன்றாக வாசிக்கிறான். மாடியில் ஒரு நாள் கண் சிவக்க நின்றவனை மெதுவாக விசாரித்தேன். "அங்கிள், ஸ்டீவி ரே வானே ஹை-லதான் வாசிச்சாரு" என்றான்.

யார் சொன்னது அவனுக்கு? அந்தத் தலையாட்டிகள்தான். அவர்கள் சும்மா ரசனைப் பேச்சு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பத்தொன்பது வயசுக்காரனின் காதில் மருந்துச் சீட்டாகப் போய் விழுகிறது. அவன் அம்மாவுக்கு இந்தி இன்னும் சரியாக வராது. சொந்தபந்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பையனுக்கு ஒன்றென்றால் எந்த வாசலில் போய் நிற்பது என்றே தெரியாத குடும்பம் அது. அந்தக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்து, வெறி, நெருப்பு, மேதைமை என்று எழுதுங்கள் பார்க்கலாம்.

இதில் இன்னொரு தரப்பையும் விட்டுவைக்க முடியாது. நம்ம அப்பாக்கள். கிட்டாரைக் கண்டாலே கஞ்சா ஞாபகம் வருகிறவர்கள். தெரிந்தவர் ஒருத்தர் பையனின் கிட்டாரைப் பரணில் போட்டுப் பூட்டிவிட்டார், சி.ஏ. முடித்தால்தான் இறங்குமாம். ரசிகர் சொல்கிறார், போதை இல்லாமல் இந்த இசை வராது என்று. அப்பா சொல்கிறார், இந்த இசை வந்தால் போதை வரும் என்று. இரண்டு பேரும் எதிரெதிர் என்று நினைத்தால் தப்பு, நம்புவது ஒரே மூடநம்பிக்கையைத்தான். சார், உங்கள் பையனுக்கு நீங்கள் காட்டவேண்டிய ஆளே இந்த ஸ்டீவிதான். பரணைத் திறங்கள்.

ஸ்டீவி ஒருத்தரை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சரி, பானி ரெய்ட். நல்ல ஸ்லைடு கிட்டார்க்காரர், 1980-களில் பழைய கம்பெனி கைகழுவிவிட்டது, குடியும் இருந்தது. 1987-ல் விட்டார். குடிக்காத ஸ்டீவி முன்பைவிடப் பிரமாதமாக வாசித்ததைப் பார்த்ததுதான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். 1989-ல் அவருடைய 'நிக் ஆஃப் டைம்' வந்தது. 1990 கிராமி விருதில் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் அதுதான். அதே விழாவில் சமகால ப்ளூஸ் பிரிவின் விருது 'இன் ஸ்டெப்'புக்கு. குடித்தால்தான் வாசிப்பு வரும் என்று நம்பியிருந்த உலகத்துக்கு, குடியை விட்ட இரண்டு பேர் ஒரே மேடையில் பதில் சொன்னார்கள்.

'டெக்ஸாஸ் ஃப்ளட்' குடித்த காலத்தில் வந்ததுதானே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அது மகத்தான ஆல்பம், மறுப்பே இல்லை. 28 வயசு உடம்பு எதையும் தாங்கும், அவ்வளவுதான். கடன் வாங்கின முதல் மூணு மாசம் எந்தக் கணக்கும் அழகாகத்தான் இருக்கும். மூணு வருஷம் கழித்து 'லைவ் அலைவ்' வந்தபோது வசூலுக்கு ஆள் வந்துவிட்டது.

1990 ஆகஸ்ட் 26 இரவு, விஸ்கான்ஸினில் ஆல்பைன் வேலி என்ற இடத்தில் எரிக் கிளாப்டன், பட்டி கை, ராபர்ட் க்ரே, அண்ணன் ஜிம்மி எல்லோரோடும் சேர்ந்து வாசித்தார். நள்ளிரவு தாண்டி, மூடுபனியில் கிளம்பிய ஹெலிகாப்டர் பக்கத்து மலைச்சரிவில் மோதியது. ஐந்து பேரும் போனார்கள். வயது 35. போதையால் செத்த கிட்டார் மேதைகள் என்று ஹெண்ட்ரிக்ஸ் பக்கத்தில் இவர் படத்தையும் ஒட்டி, வருஷாவருஷம் வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவரை அந்த வரிசையில் நிற்கவைப்பது அநியாயம் இல்லையா? அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

'இன் ஸ்டெப்'பின் 1999 மறுபதிப்பில் கூடுதலாகச் சில மேடைப் பதிவுகள் இருக்கின்றன, 1989 நவம்பரில் டென்வரில் வாசித்தவை. அதில் 'டெக்ஸாஸ் ஃப்ளட்' பாட்டும் உண்டு. அதே ஆள், அதே பாட்டு. பாட்டிலோடு ஒன்று 1983-ல், பாட்டில் இல்லாமல் ஒன்று 1989-ல். அந்தத் தலையாட்டிகளில் யாராவது இதைப் படித்தால், எது எந்த வருஷம் என்று பார்க்காமல், வேறு யாரையாவது போடச்சொல்லி இரண்டையும் அடுத்தடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். கேட்டுவிட்டு எதில் வெறி குறைவு என்று எனக்கு எழுதுங்கள். மாடிப் பையனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினேன். இரண்டாவதைத் திரும்பப் போடச் சொன்னான். எது இரண்டாவது என்று இங்கே எழுதப் போவதில்லை.