கல்லில் ஒட்டிய சாட்சி

பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் பற்றி எரிந்தது. 2015ல் அதன் நுரை சாலையில் பறந்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்ல அப்போது எந்த நிபுணரும் தேவைப்படவில்லை. சிக்கல், தீயும் நுரையும் இல்லாத ஏரிகளில்தான். அமைதியாகக் கிடக்கும் நீரின் யோக்கியதையை யார் சொல்வது?

வழக்கமான முறை, ஒரு பாட்டிலில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. அதில் தெரிவது பாட்டில் நிரம்பிய அந்த நிமிடத்தின் நிலவரம் மட்டுமே. நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட கழிவு, மறுநாள் மாதிரியில் சிக்காமல் போகலாம். இன்னொரு ஏமாற்றும் உண்டு. சாக்கடைச் சத்தில் பாசி மண்டிய ஏரியில் நண்பகலில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும். வெயிலில் பாசி அதை வெளிவிடுகிறது. இரவிலோ அதே பாசியும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்க, விடியலில் மீன்கள் செத்து மிதக்கும். பகல் 12 மணிக்கு மாதிரி எடுத்தால் அந்த ஏரிக்கும் நற்சான்றிதழ் கிடைத்துவிடும்.

ஏமாறாத சாட்சி ஒன்று கரையிலேயே இருக்கிறது. படிக்கல்லில் காலை வழுக்க வைக்கும் அந்தப் பாசிப் படலம். அதில் நிறைந்திருப்பவை டயட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகள். ஒவ்வொன்றுக்கும் சிலிக்காவாலான ஓடு. கல்லில் ஒட்டி வாழ்வதால் நல்ல நீர் தேடி ஓட முடியாது. பல நாட்கள், வாரங்கள் வந்த நீரையெல்லாம் அனுபவித்தாக வேண்டும். தாங்க முடியாத இனம் குறையும்; தாங்கும் இனம் பெருகும். நிட்ஸ்கியா பாலியா மண்டியிருந்தால் சாக்கடை வருகிறது என்று பொருள். அக்னாந்திடியம் மினுடிசிமம் மிகுந்திருந்தால் பொதுவாக நீர் தேவலை.

வேலையும் எளிது. ஒரு டூத் பிரஷ்ஷால் கல்லையோ நாணல் தண்டையோ தேய்த்து, படலத்தை அமிலத்தில் சுத்தம் செய்து, மைக்ரோஸ்கோப்பில் சுமார் 400 ஓடுகளை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் ரூத் பாட்ரிக் 1948லேயே பென்சில்வேனியா ஓடைகளில் உயிரினங்களை வைத்து மாசை அளந்து காட்டினார். ஐரோப்பிய யூனியன் 2000ல் கொண்டுவந்த நீர்ச் சட்டத்தில், ஒட்டி வாழும் பாசிகளும் பரிசோதனையில் இடம்பெற்றன. பெங்களூர் ஏரிகளின் டயட்டம்களை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. குளிர்நாட்டு நீருக்காக வகுத்த மதிப்பெண்களை தக்காண ஏரிக்கு அப்படியே பொருத்த முடியாது. இனம் பிரிக்கத் தேர்ந்த கண்கள் வேண்டும். எந்தக் குழாய் குற்றவாளி என்பதையும் பாசி சொல்லாது. எனவே பாட்டிலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதற்குத் துணையாகக் கல்லையும் பார்க்க வேண்டும். நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மாதம் ஒருமுறை பார்த்தாலே ஏரி தேறுகிறதா, சீரழிகிறதா என்பது புரிந்துவிடும்.

இது பெங்களூர்க்காரர்களின் கவலை மட்டுமல்ல. பெள்ளந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் நுரை பொங்கியிருக்கிறது. அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் விவசாயிக்கு, மேலே ஒரு நண்பகலில் எடுத்த மாதிரியின் நற்சான்றிதழால் என்ன பயன்?