புரூட்டஸும் பொதுமக்களும்

ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘ஜூலியஸ் சீசர்’ என்னும் துன்பியல் நாடகம் நம்மிற் பலர் பாடமாகப் பயின்றதொன்று. 1599-ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நடிக்கப்பெற்ற அந்நாடகத்தைக் கற்றோர் பெரும்பாலும் கொள்ளும் முடிபு, பொதுமக்கள் நிலையற்ற மனத்தினர் என்பதே. இம்முடிபு பிழைபட்டது என்பது எம் கருத்து.

நாடகத்தின் முதற்காட்சியிலே நாம் காண்பவர் தச்சரும் செருப்புத் தைப்பவருமாகிய உழைப்பாளர். முன்பு பாம்பேயைக் கொண்டாடியவர்கள் இன்று அவனை வென்ற சீசரைக் கொண்டாடுவது ஏனென்று அதிகாரிகள் அவர்களைக் கடிகின்றனர். சீசர் கொலையுண்டபின் அம்மக்கள் புரூட்டஸின் விளக்கத்தைக் கேட்டு அதனை ஏற்கின்றனர். அவனையே சீசராக்க வேண்டுமென்று கூவுவாரும் உளர். அடுத்துப் பேசும் அந்தோணி, குருதி தோய்ந்த மேலாடையைக் காட்டி, ஒவ்வொருவர்க்கும் 75 திராக்மா அளிக்கும் சீசரின் உயிலையும் படிக்கிறான். உடனே தீப்பந்தம் ஏந்தி ஓடுகிறது கூட்டம். சதிகாரன் ஒருவனுடைய பெயரைத் தாங்கிய ஒரே குற்றத்திற்காகச் சின்னா என்னும் புலவனும் மடிகிறான்.

குற்றம் மக்களுடையது மட்டுமோ? புரூட்டஸ் தன் நண்பனிடத்து அன்பில்லாதவன் அல்லன். உரோம நாட்டின்பாற் கொண்ட பற்றே அவனைத் தூண்டிற்று. எனினும், சீசர் இனி எவ்வாறு ஆகக்கூடும் என்னும் அச்சத்தையே சான்றாகக் கொண்டு, நள்ளிரவிலே தன் தோட்டத்திற் சிலரோடு கூடித் தீர்ப்பை முடித்துவிட்டான். வாள் வீழ்ந்த பின்னரே மக்களை அழைத்தான். ஆராய்வதற்கு ஒரு நாளோ, மறுத்துரைப்பதற்கு ஒரு வழியோ அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. முடிவைக் கேளாது செய்துவிட்டு ஒப்புதலை மட்டும் வேண்டுவோன், தனக்குப்பின் பேசுவோனுடைய நாவன்மைக்கு நாட்டை ஒப்படைத்தவனாவான்.

இனி, உரோம் நகரத்தை விட்டு நம் வடசென்னைக்கு வருவோம். தலைவரிடத்துப் பற்றும் கொள்கையிடத்துப் பற்றும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்ச்சி இங்கும் உண்டு. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இராயபுரத்து இராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிற் கூடிய கூட்டத்தின் முன்னே, அண்ணாதுரையவர்கள் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தோற்றத்தை அறிவித்தார். பிரிவு ஓரிரவில் விளைந்ததன்று. 1947 ஆகஸ்டு 15-ஆம் நாளைப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா இன்ப நாள் என்றார். 1949 ஜூலையில் நடந்த பெரியார்–மணியம்மையார் திருமணம் வேற்றுமையை முற்றச் செய்தது. இயக்கத்தின் உடைமையைக் காக்கும் ஏற்பாடு அஃதென்றார் பெரியார். இயக்கம் போதித்த கொள்கைக்கு மாறென்றனர் எதிர்த்தோர். வழக்கு ‘விடுதலை’ இதழிலும் ‘திராவிட நாடு’ இதழிலும் மக்கள் அறிய நடந்தது. பிரிந்தோரைக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பெரியார் எள்ளினார். சொற்கள் சுட்டன, ஆயினும் வாள் உருவப்படவில்லை.

புதிய கழகத்தில் தலைவர் நாற்காலி பெரியாருக்கென வெறுமையாய் விடப்பட்டது. அண்ணா பொதுச்செயலாளராகவே அமர்ந்தார். அவ்வெற்று நாற்காலியும் அந்தோணி காட்டிய மேலாடை போன்ற மேடைத்திறம் அன்றோ என்று ஐயுறுவார் உளர். அவ்வையத்தை யாம் முற்றும் தள்ளோம். மக்களின் நெஞ்சைத் தொடும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆனால் உரோமத்து மக்கள் ஒரு நாழிகையிலே தீர்ப்புரைக்க நேர்ந்தது. நம் மக்களுக்கோ பதினேழாண்டுகளுக்கு மேலும் காலம் கிடைத்தது. 1949-இல் வாக்குரிமை சொத்து, கல்வி முதலிய தகுதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. முதற் பொதுத்தேர்தலிலே துறைமுகக் கூலியும் மீனவரும் ஆலைத் தொழிலாளரும் சீமானுக்கு நிகரான வாக்கைப் பெற்றனர். 1957-இல் கழகம் முதன்முறை தேர்தலிற் புகுந்தது. 1962-இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். பேச்சிலே வல்லவரென்று பெயர்பெற்ற அவரையும் மக்கள் ஆராய்ந்தே ஏற்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1967-இல் ஆட்சி கிட்டிற்று. அத்தேர்தலிலே தம்மை எதிர்த்து நின்ற பெரியாரைத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று கண்டு வணங்கினார் அண்ணா.

அவ்விருவர் கொள்கைகளுள் எது சிறந்தது என்பது இங்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளன்று. பிரிந்த முறையே பொருள். காரணத்தை முன்னரே வெளிப்படையாகக் கூறுதல், எதிராளிக்கும் பேச இடமளித்தல், மக்களின் தீர்ப்புக்குக் காத்திருத்தல், தோற்றாற் பொறுத்தல் ஆகிய நான்கும் உள்வழிப் பிரிவும் நன்றிகேடு ஆகாது. அவை இல்வழி, நாட்டுப்பற்றும் கொலையாய் முடியும்.

மாணவ நண்பர்காள்! இடித்துரைக்கும் துணையை வள்ளுவர் அரசர்க்கே இன்றியமையாததென்பர். நாளை நீவிரும் சங்கத்திலோ கட்சியிலோ தொழிற்சாலையிலோ ஒரு தலைவரைப் பின்பற்றுவீர்கள். அவர் தவறுவதாகத் தோன்றும்போது வாளாவிருத்தல் பற்றன்று. இருளிற் கூடுதலும் பற்றன்று. பலரறியக் கூறுங்கள்; கேட்போர் ஆராய்வதற்குக் காலமும் கொடுங்கள். அங்ஙனம் கொடாமல் மக்களை நிலையற்றோர் என்று பழிப்பது நமக்குத் தகாது.