கைநாட்டு வாங்கிட்டா காடு கைமாறிடுமா?



மழை பொய்த்து, கடன் கழுத்தை நெரிக்கும் நேரம் பார்த்து வாசலுக்கு வருகிறான் நிலப் புரோக்கர். குடிக்க வாங்கிக் கொடுத்து, "ஒரு கையெழுத்துதானே, போடுங்க மாமா" என்கிறான். விடிந்ததும், "காட்டை விக்க அக்ரிமெண்ட் போட்டுட்டீங்க" என்று மிரட்டுகிறான். இது வியாபாரமா? பகல் கொள்ளை!

சட்டம் என்ன சொல்லுது? 18 வயது நிரம்பியவர், சித்தம் தெளிந்தவர், எந்தச் சட்டமும் தடுக்காதவர், இவர்தான் ஒப்பந்தம் போட முடியும். இது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு. பேசுவது புரியாத அளவுக்குப் போதையில் இருப்பவர் அந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறது 12-வது பிரிவு. மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்துக் குடும்பத்தில் மைனர் பிள்ளை பேரில் தனியாக உள்ள நிலத்தை விற்க, பெத்த தகப்பனுக்கே கோர்ட் அனுமதி வேணும். இது 1956-ம் ஆண்டுச் சட்டம்.

அக்ரிமெண்ட் போட்டதாலேயே நிலம் கைமாறாது; பதிவான கிரயப் பத்திரம் வேணும். ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டியே நம்மைக் கோர்ட்டுக்கு இழுப்பான். போதையில் இருந்தோம், மிரட்டினான் என்று நிரூபிக்கிற பாரம் நம் தலையில்தான்!

ஆகவே, வெத்துப் பத்திரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்! வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் நிலம் பேசாதீர்! மிரட்டினால் சங்கத்துக்கு வாங்க. படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தை முழுசா வாசித்துக் காட்டாமல் பதியக் கூடாது என்று அதிகாரிகளிடம் திரண்டு கேட்போம்!

ஏமாற மாட்டோம்! மண்ணை விட மாட்டோம்!