மண்டி வைத்த சர்க்கார்

மொத்த வியாபாரம் என்பது லேசான தொழில் அல்ல. விருதுநகர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க்கும் பருப்புக்கும் வற்றலுக்கும் விலை சொல்லும் ஊர் அது. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

பேர் பெற்ற ஒரு கம்பெனிச் சரக்குக்கு ஏஜென்ஸி எடுக்க வேண்டுமானால் முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். கிட்டங்கி பிடிக்க வேண்டும். சரக்கு அடுக்கும் இடத்தை அந்தச் சீமையில் அப்படித்தான் சொல்வார்கள். வண்டி வேண்டும், கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்க ஆள் வேண்டும். சில்லறைக் கடைக்காரருக்குக் கடன் கொடுத்தாக வேண்டும். அவர் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் அது வராக் கடன். பிஸ்கட் நமத்துப் போனால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சிவகாசிப் பட்டாசானால் இன்னும் விசேஷம். மாதக் கணக்கில் முடங்கிக் கிடக்கும் முதல், தீபாவளிக்கு முந்திய நாலு நாள் மழை பெய்யாமல் இருந்தால்தான் திரும்பி வரும்.

இத்தனை கஷ்டத்தையும் தன் தலையில் ஏற்றுக்கொள்வதால்தான் வியாபாரியின் லாபம் யோக்கியமான லாபம் ஆகிறது. அந்த லாபத்திலும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகிமை எடுத்துப் பொதுக் காரியத்துக்கு வைத்தார்கள் விருதுநகர் வணிகர்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை அந்த ஊரார் கொடுத்த பிடி அரிசியிலும் பணத்திலும் வளர்ந்த பள்ளிக்கூடம்.

ஆனால் இந்தக் கஷ்டங்களில் ஒன்றுகூட இல்லாத மொத்த வியாபாரம் ஒன்று தமிழ்நாட்டில் நடக்கிறது. அதைத் தொடங்க உங்களுக்கும் எனக்கும் அனுமதி கிடையாது. 1983-இல் மதுவின் மொத்த வியாபாரத்தைச் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டது. டாஸ்மாக் என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கிற ஸ்தாபனம் அதுதான்.

அந்த வியாபாரத்தின் சௌகரியத்தைப் பாருங்கள்! போட்டி இல்லை. கடன் சொல்ல வழி இல்லை. கம்பிக்குள் பணம் போனால்தான் வெளியே பாட்டில் வரும். வராக் கடன் இல்லை என்று கணக்குப்பிள்ளை பெருமைப்படலாம். உண்மையில் இல்லையா? இருக்கிறது. அது வேறு வீட்டுப் பேரேட்டில் பற்று விழுகிறது. அடகுக்குப் போன தோடு, பாதியில் நின்ற பிள்ளையின் படிப்பு, தர்மாஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடக்கும் முப்பது வயதுக்காரன் — இவையெல்லாம் அந்த வியாபாரத்தின் வராக் கடன்கள். கெட்டுப்போன சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே கிடையாது.

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் வருஷத்துக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய் வியாபாரம் என்று அதை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். அலுமினியத் தூள் படிந்த கைகளோடு உயிரைப் பணயம் வைத்து உழைக்கிறவர்களின் ஒரு வருஷ உழைப்பு அது. மதுவினால் சர்க்காருக்கு 2023–24-இல் வந்த வருமானம் மட்டும் 45,000 கோடிக்கு மேல். பட்டாசுத் தொழிலாளிக்குப் போனஸ் கிடைக்கிற சமயமும் மதுக்கடையில் வியாபாரம் உச்சத்துக்குப் போகிற சமயமும் ஒரே தீபாவளிதான்.

‘இந்தப் பணம் இல்லாவிட்டால் நலத் திட்டங்கள் எப்படி நடக்கும்?’ என்று கேட்பவர்கள் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் விழும் துண்டை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். சாராயக் காசுக்குப் பதிலாகப் பிறந்த வரி அது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது. இடையில் மூடிய கடைகளும் பிறகு திறந்தன. விற்பனை வரி மட்டும் போகவில்லை. மதிப்புக் கூட்டு வரி என்றும், 2017-இல் ஜி.எஸ்.டி. என்றும் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மதுவை ஒழிப்பதற்காகக் கொடுத்த விலையையும் கொடுத்துக்கொண்டு, மதுவையும் வைத்துக்கொண்டிருக்கும் ஜனங்கள் நாம். எந்த மண்டியிலாவது இப்படிக் கணக்கு எழுதினால் ஒப்புக்கொள்வார்களா?

காமராஜர் முதல் மந்திரியாக இருந்த 1954 முதல் 1963 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும், பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டதும் அந்தக் காலத்தில்தான். அன்றைய செலவு வேறு, இன்றைய செலவு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகப்பன் குடித்தால்தான் பிள்ளைக்குச் சோறு என்ற தர்மம் அன்று இல்லை.

‘கடையை மூடினால் கள்ளச் சாராயம் பெருகும்’ என்பது அடுத்த வாதம். கடை திறந்திருந்தால் அது ஒழிந்துவிடுகிறதா? 2023-இல் மரக்காணத்திலும், 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயத்தால் மனிதர்கள் செத்தார்களே. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். அப்போது சர்க்கார் கடைகள் திறந்துதானே இருந்தன? கள்ளச் சாராயத்தைத் தடுக்க வேண்டியது போலீஸ். பிராந்திக் கடை அல்ல.

ஒரே நாளில் எல்லாக் கடைகளையும் பூட்டச் சொல்ல நான் வரவில்லை. ஊரில் ஒரே மொத்த வியாபாரி இருக்கும்போது ஒரு சௌகரியம் உண்டு. அவன் நினைத்தால் சரக்கைக் குறைக்கலாம். 2016-இல் ஐந்நூறு கடைகள், 2017-இல் ஐந்நூறு, 2023-இல் ஐந்நூறு என்று மூடினார்கள். வருமானமோ ஏறியது. மூடிய கடைக்குப் போனவன் அடுத்த தெருக் கடைக்குப் போனான். ஆகவே கடைக் கணக்கு வேண்டாம். பெட்டிக் கணக்கு சொல்லுங்கள். இந்த வருஷம் கிட்டங்கியிலிருந்து இத்தனை பெட்டி வெளியே போயிற்று, அடுத்த வருஷம் இத்தனை குறையும் என்று சட்டசபையில் வாக்குக் கொடுங்கள். வாக்குத் தவறாதவன்தான் வியாபாரி.

விருதுநகரில் 1956-இல் சங்கரலிங்கனார் பன்னிரண்டு கோரிக்கைகளுடன் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது ஒன்று. தேசம் முழுவதும் மதுவிலக்கு வேண்டும் என்பது இன்னொன்று. பெயரை 1969-இல் வைத்துவிட்டோம். அந்தப் பெயர் இன்று மது விற்கும் ஸ்தாபனத்தின் பெயர்ப் பலகையில் முதல் வார்த்தையாக இருக்கிறது: ‘தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்.’