முதல் வாரத்து ஸ்கேன்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து ஓராண்டான ஒருவரின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்க்கிறோம். தொடை எலும்பின் கீழ்முனையில், உலோகப் பகுதியின் முன்தகட்டுக்குப் பின்னால், எலும்பின் வெண்மை மங்கியிருக்கிறது. அவருக்கு வலி இல்லை. படி ஏறுகிறார், கடைக்குப் போய் வருகிறார். அடுத்த ஆண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். தாது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்கே தெரியும். நாம் கவனிக்கும்போது இழப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது.

கோபால்ட்-குரோமியக் கலவையின் விறைப்பு 200 கிகாபாஸ்கலுக்கு மேல். கெட்டி எலும்புக்கு 20ஐ ஒட்டித்தான். உலோகம் சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, அதன் பின்னால் உள்ள எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். இழப்பு முதல் ஆண்டில்தான் வேகமாக நடக்கிறது. பின்னாளில் மூட்டுக்கு மேலே எலும்பு முறிந்தாலும், மறு அறுவை தேவைப்பட்டாலும், நமக்குப் பிடிமானம் தர வேண்டியது அந்த எலும்பே.

ஆகவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கிறோம். அந்தக் கருவி முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பழகியது. செயற்கை இடுப்பு மூட்டின் தண்டைச் சுற்றி க்ரூயன் குழுவினர் 1979இல் வகுத்த ஏழு மண்டலங்களை உலகமே பயன்படுத்துகிறது. முழங்காலுக்கு அப்படி எல்லோரும் ஏற்ற பிரிவு எதுவும் இல்லை. ஒருவர் முன்தகட்டுக்குப் பின்னால் சிறு கட்டம் போடுகிறார், இன்னொருவர் கீழ்முனை முழுவதையும் ஒரே கட்டத்தில் அடைக்கிறார். இரண்டு எண்களையும் ஒப்பிட வழியில்லை. நேர்முகப் படத்தில் முழங்கால் சில்லு தொடை எலும்பின்மேல் விழும். உலோகத்தை மென்பொருள் கழித்துவிடும், அதை எலும்போடு பிணைக்கும் சிமென்டைக் கழிக்காது. சிமென்டில் கலந்துள்ள பேரியம் சல்பேட்டோ சிர்கோனியம் டைஆக்சைடோ எலும்புக் கணக்கில் சேர்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விடக் கால் கிடக்கும் விதம் முக்கியம். பாதம் சில டிகிரி உள்ளே திரும்பினாலே எண் மாறும். தொடையை நுரைத்தாங்கியில் அணைத்துவைத்து, பாதத்தைக் கட்டி நிறுத்தி, மென்திசு போதாத இடத்தில் இருபுறமும் அரிசி நிரப்பிய துணிப்பைகளை வைத்து ஸ்கேன் எடுக்கும் தொழில்நுட்பரின் கைப்பக்குவத்தில்தான் அந்த எண்ணின் நம்பகம் இருக்கிறது. கட்டுரைகளில் அவருடைய வேலைக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு வருத்தம்.

அவருடைய பிழையளவைத் தெரிந்துகொள்வது கடினமல்ல. 15 பேரை மும்முறையோ 30 பேரை இருமுறையோ, ஒவ்வொரு முறையும் எழுந்து மறுபடி படுக்கச் சொல்லி, ஸ்கேன் எடுக்க வேண்டும். கிடைக்கும் பிழையை 2.77ஆல் பெருக்கினால், உண்மை மாற்றம் என்று சொல்லத் தகுந்த மிகக் குறைந்த அளவு வரும். முன்பகுதிக் கட்டத்தில் பிழை 3 சதவீதம் என்றால் அந்த அளவு 8.3 சதவீதம். அங்கே 6 சதவீதக் குறைவைக் காட்டி மருந்து தொடங்குவது தவறு. முதுகெலும்பில் கண்ட பிழையளவை முழங்காலுக்குக் கடன் வாங்குவதும் தவறு.

எண் உண்மையாகவே இறங்கினாலும் அது கேடு என்று உடனே முடிவுகட்ட முடியாது. வில்லாக வளைந்த காலில், முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பின் உள்பக்கம் ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கிக் கெட்டிப்பட்டிருக்கும். காலை நேராக்கியதும் சுமை இருபக்கமும் பிரிய, உள்பக்க அடர்த்தி இறங்கும். நாம் செய்த திருத்தத்தின் தடம் அது. தொடை எலும்பின் முன்பகுதி இழப்பை அதோடு சேர்த்துச் சராசரி போடுபவர்கள் இரண்டையும் தொலைக்கிறார்கள். பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் தொடக்க இழப்பைக் குறைப்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அடர்த்தி காப்பாற்றப்பட்டதாலேயே மூட்டு நீடிக்கும் என்று சொல்ல, நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும்.

அடுத்த இதழ் முதல் இந்தத் துறைக் கட்டுரைகளில் கட்டங்களின் வரைபடம், சொந்தப் பிழையளவு, முதல் ஸ்கேன் எடுத்த நாள் ஆகிய மூன்றையும் கேட்போம். அறுவைக்கு முந்தைய ஸ்கேன் இதற்கு உதவாது, அதில் உலோகமும் இல்லை, வெட்டிய எலும்பும் போகவில்லை. ஒப்பீட்டுக்கான ஸ்கேனை முதல் வாரத்திலேயே, வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்துவிட வேண்டும். அப்போது வீக்கம் இருக்கும், கால் முழுதாக நீளாது. எத்தனை டிகிரி மடங்கியிருந்தது என்று தொழில்நுட்பர் அட்டையில் குறித்துவைத்தால், ஓராண்டு கழித்து வருபவரின் காலை அதே கோணத்தில் வைக்கலாம்.